இடது பின்சக்கரத்தின் கீழே

அவள் மகளைக் காரில் ஏற்றிக்கொண்டு மாமனார் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் போன பிறகுதான், கொட்டகையில் விரித்திருந்த அட்டையை எடுக்க அவள் குனிந்தாள்.

அது ஃபிரிட்ஜ் வந்த பெட்டி. அதைப் பிரித்துத் தட்டையாக்கி, வண்டி வந்து நின்றதும் அடியில் தள்ளி வைப்பாள். காலையில் எடுத்துப் பார்ப்பாள். எஞ்சினிலிருந்து கறுப்பு எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்த நாட்களில் ஆரம்பித்த பழக்கம் அது. கறை எந்த இடத்துக்கு நேர்கீழே விழுகிறது என்று பார்த்துப் பார்த்து, எஞ்சின் மேல்மூடியின் அடியில் இருக்கிற ரப்பர் இறுகி வெடித்துப்போயிருப்பதைக் கண்டுபிடித்தாள். புது ரப்பர் வாங்கி, போன விடுமுறையில் தானே மாற்றவும் செய்தாள்.

அவளுடைய தொழில் பல்செட் செய்வது. மெழுகிலும் பிளாஸ்டரிலும் மயிரிழை பிசகாமல் வேலை பார்த்துப் பழகிய கை. அவள் கணவன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். கண்ணாடிச் சட்டத்தில் இருக்கும் பொடி ஸ்க்ரூவைத் தவிர உலகத்தில் வேறெந்த ஸ்க்ரூவையும் தொட மாட்டான். "நீ வண்டிக்குப் பல்லு கட்டு. நான் கண்ணு காட்டுறேன்" என்று சொல்லிவிட்டு டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பான்.

அட்டையின் முன்பக்கம் சுத்தமாக இருந்தது. ஒரு பொட்டுக்கூட இல்லை. அவளுக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி. பார்க்க ஆளில்லையே என்று கொஞ்சம் வருத்தம்கூட. அட்டையை மடிக்கப் போகும்போதுதான் அதன் ஓரத்தைத் தாண்டி, தரையில், இடது பின்சக்கரம் நின்ற இடத்தில் ஏதோ மினுங்கியது.

முதலில் தண்ணீர் என்று நினைத்தாள். ஏ.சி. போட்டு ஓட்டினால் தண்ணீர் சொட்டும். ஆனால் அது முன்பக்கம்தான் சொட்டும். பின்னால் எங்கிருந்து தண்ணீர் வரும்? விரலால் தொட்டாள். வழுக்கியது. கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தாள். எண்ணெயைவிட மெலிசு, தண்ணீரைவிடக் கனம். நிறம் பழைய தேன். பெட்ரோல் வாடை இல்லை. மூக்கருகே கொண்டுபோனபோது மீன் எண்ணெய் மாதிரி லேசாக ஒரு வாடை அடித்தது.

சுவரோரம் கிடந்த பழந்துணியை எடுத்து அந்த இடத்தைத் துடைத்தாள். துணியோடு தரையின் நீலப் பெயின்ட்டும் சேர்ந்து வந்தது. பெயின்ட் வெந்து உரிந்த தோல்போல் சுருண்டு வந்தது. பெயின்ட்டைத் தின்கிற எண்ணெய் வண்டியில் ஒன்றுதான் உண்டு. அது பிரேக் ஆயில்.

அவள் எழுந்திருக்கவில்லை. மண்டியிட்டபடியே அந்த உரிந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாஷ்போர்டில் ஒரு வாரமாக விட்டு விட்டு எரிந்த சிவப்பு விளக்கு நினைவுக்கு வந்தது. ஹேண்ட் பிரேக் முழுதாக இறங்காமல் இருந்தால் எரியும் விளக்கு அது. வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். மாமனார் லிவரை ஒருமுறை மேலே இழுத்துக் கீழே தட்டுவார். சில சமயம் விளக்கு அணையும். சில சமயம் இறக்கத்தில் மறுபடி எரியும். அவளும் ஒருநாள் பின்சீட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "மாமா, ஹேண்ட் பிரேக்" என்று மட்டும் சொன்னாள். அதே விளக்குதான் பிரேக் ஆயில் குறைந்தாலும் எரியும் என்பது அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. தெரியாத விஷயமில்லை. தோன்றவில்லை.

வீடு மேட்டில் இருந்தது. பள்ளிக்கூடம் கீழே பாலத்தருகில். நடுவில் உள்ளதெல்லாம் இறக்கமும் வளைவும்தான். கடைசி வளைவு தாண்டியதும் லாரிகள் குறுக்கே ஓடும் பெரிய சாலை.

உள்ளே ஓடிப்போய் மாமனாருக்கு ஃபோன் போட்டாள். மணி சாப்பாட்டு மேசைமேல் அடித்தது. அவருடைய ஃபோன் கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. ஃபோனை மறந்துவிட்டுப் போவது அவருக்கு வழக்கம். அதற்காக அவரை எல்லோரும் கேலி செய்வார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போட்டாள். யாரும் எடுக்கவில்லை. கணவனுக்குப் போட்டாள். அவன் எடுத்தான்.

"பிரேக் ஆயில் ஒழுகியிருக்கு. வண்டி கிளம்பிப் போயிடுச்சு."

"நிஜமா பிரேக் ஆயில்தானா? நல்லாப் பாத்தியா?"

"பெயின்ட்டே உரிஞ்சு வருது. குழந்தை உள்ள இருக்கா."

"பதறாத. அப்பா எத்தனை வருஷம் பஸ் ஓட்டினவர். அவருக்குத் தெரியாதா? ஏதாவது ஒண்ணுன்னா அவரே..."

அவள் வைத்துவிட்டாள். பேசிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் வண்டி கொஞ்சம் கீழே இறங்கிக்கொண்டிருப்பதாக அவளுக்குத் தோன்றியது.

பக்கத்து வீட்டில் தையல்காரர் வாசலில் ஒரு சட்டைக்கு அளவுக்கோடு போட்டுக்கொண்டிருந்தார். வாய் நிறைய குண்டூசி. அவருடைய ஸ்கூட்டர் சுவரில் சாய்ந்து நின்றது.

"அண்ணே, வண்டி வேணும்."

அவர் அவள் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. கேட்கவும் முடியாது, வாயில் ஊசி. சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். அவள் ஸ்கூட்டரைத் திருப்பும்போதுதான் ஊசிகளைக் கையில் துப்பிவிட்டு, "பின் பிரேக்கு கொஞ்சம் வழுக்கும்மா, முன்னதைப் பிடி" என்றார். அந்த நேரத்தில் அந்த வார்த்தையைக் கேட்டு அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

இறக்கத்தில் ஸ்கூட்டர் தானாகவே ஓடியது. ஒவ்வொரு வளைவிலும் சாலையோரக் கற்களைப் பார்த்தாள். வெள்ளையடித்த குட்டைக் கற்கள். ஒன்றாவது பெயர்ந்திருக்கிறதா, புதிதாக உடைந்திருக்கிறதா என்று கண்கள் தேடின. கற்கள் வரிசையாக இருந்தன. அடுத்த வளைவு. அங்கும் வரிசையாக இருந்தன. ஒரு வளைவைத் தாண்டியதும் நிம்மதி வராமல், அப்படியானால் அடுத்ததில்தான் என்று பயம் இன்னும் கூடியது.

மரக்கடைப் பக்கம் ஒரு கூட்டம். நடுச்சாலையில் தண்ணீர் லாரி குறுக்கே நின்றது. நாலைந்து பேர் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். கால் இரண்டையும் தரையில் ஊன்றி, உரசிக்கொண்டே போய் நின்றாள். எட்டிப் பார்த்தாள். லாரியின் டயர் பஞ்சர். ஒருவர் ஜாக்கிக்குக் கீழே பலகை வைத்துக்கொண்டிருந்தார்.

"நீலக் கார் ஒண்ணு போச்சா? பெரியவர் ஓட்டிட்டு, சின்னப் பொண்ணோட?"

"போச்சேம்மா. ஹாரன் அடிச்சுக்கிட்டே போனாரு."

அவள் மாமனார் ஹாரன் அடிக்கவே மாட்டார். பஸ் ஓட்டிய காலத்திலேயே அப்படித்தான். ஹாரன் அடிப்பவன் அவசரக்காரன், அவசரக்காரனுக்கு ஸ்டியரிங் எதற்கு என்பார். பணிமனையில் அவருக்கு 'ஊமை' என்று பெயர். அந்த மனுஷர் ஹாரன் அடித்துக்கொண்டே போனார் என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான். அவள் ஸ்கூட்டர் ஆக்ஸிலரேட்டரை முறுக்கினாள். பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தவர், "என்னம்மா, என்ன ஆச்சு?" என்று கேட்டது பின்னால் தேய்ந்து மறைந்தது.

கடைசி வளைவுக்கு முந்தின இடத்தில் சாலைவேலைக்காக மணல் கொட்டியிருந்தார்கள். ஒரு ஆள் உயரக் குவியல். அந்தக் குவியலுக்குள் நீலக் காரின் மூக்கு புதைந்திருந்தது. ஒரு பக்கக் கண்ணாடி மடங்கியிருந்தது. கதவுகள் மூடியிருந்தன. உள்ளே அசைவு ஏதும் தெரியவில்லை.

ஸ்கூட்டரை அவள் நிறுத்தவில்லை. அப்படியே விட்டுவிட்டாள். அது சரிந்து விழுந்த சத்தத்தில்தான் பின்சீட்டுக் கண்ணாடியில் ஒரு முகம் எழும்பியது. வாயெல்லாம் பிஸ்கட்.

"அம்மா! தாத்தா மணல்ல பார்க் பண்ணிட்டாரு."

அவள் கதவைத் திறந்து மகளை இழுத்துத் தலை, கை, முழங்கால் என்று தடவிப் பார்த்தாள். எங்கும் ஒன்றுமில்லை. முன்சீட்டின் முதுகில் இடித்த நெற்றியில் சின்னதாக ஒரு சிவப்பு. அதையே திரும்பத் திரும்பத் தடவினாள்.

"விடும்மா, கூசுது" என்றாள் மகள். அவளை வீட்டில் எல்லோரும் சுண்டு என்றுதான் கூப்பிடுவார்கள்.

மாமனார் இறங்கவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. பஸ் ஓட்டுகிறவர்கள் பிடிக்கிற பிடி, மேலும் கீழுமாக விரிந்த பிடி. அதை அவர் விடவில்லை. சட்டை முழுக்க வியர்த்து முதுகோடு ஒட்டியிருந்தது. ஹேண்ட் பிரேக் வானத்தைப் பார்த்து இழுபட்டிருந்தது. வண்டி முதல் கியரில் கிடந்தது.

"மாமா, அடி ஏதாவது பட்டுச்சா?"

அவர் குழந்தை இருக்கும் பக்கம் ஒருமுறை பார்த்தார். அவளுக்குப் புரிந்தது. சுண்டுவை மணலில் விளையாட விட்டுவிட்டுக் குனிந்து ஜன்னலருகே வந்தாள்.

"கால் போச்சும்மா" என்றார் அவர், கிசுகிசுவென்று.

"என்ன மாமா?"

"வலது கால். ஒரு வாரமா இப்படித்தான். அழுத்துறேன், ஆனா அழுத்துன மாதிரி தெரியல. தினமும் கொஞ்சம் கூடுதலா அழுத்த வேண்டியிருக்கு. சர்க்கரை வந்தா கால் மரத்துப்போகும்னு டாக்டர் சொல்லியிருந்தாரு இல்ல... அதுதான்னு நெனச்சேன். உங்ககிட்டச் சொன்னா சாவியை வாங்கிடுவீங்கன்னு வாயைத் தெறக்கல. இன்னிக்கு மரக்கடைகிட்ட அழுத்துனேன், கால் எங்க போச்சுன்னே தெரியல. என் கால் என்கிட்ட இல்ல. குழந்தையைக் கொன்னிருப்பேன்."

இந்த மனுஷர் ஒரு வாரமாக, ஒவ்வொரு காலையும், தன் கால் செத்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஸ்டியரிங்கின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். பின்சீட்டில் அவள் மகள். கோபமும் வந்தது. இரக்கமும் வந்தது.

"கால் இல்ல மாமா. பிரேக். பின்னாடி ஆயில் ஒழுகிப்போச்சு. தரையெல்லாம் கெடக்கு. அதைப் பாத்துட்டுத்தான் ஓடி வரேன்."

"சமாதானத்துக்குச் சொல்லாத."

"சத்தியமா."

"எனக்குத் தெரியும்மா என் காலு."

அவள் கதவைத் திறந்தாள். "கொஞ்சம் நகருங்க" என்றாள். அவர் பக்கத்து சீட்டுக்கு நகர்ந்தார். நகரும்போது கால்களைக் கையால் தூக்கி வைத்தார், அவை வேறு யாருடையவோ என்பதுபோல. அவள் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, வெறுங்காலால் பிரேக்கை அழுத்தினாள். பெடல் சும்மா போயிற்று. எதிலும் முட்டாமல் கீழே தரைவரைக்கும் போய்ப் படிந்தது. அடியில் புஸ் என்று ஒரு காற்று.

"பாத்தீங்களா?"

அவர் குனிந்து அவள் காலையே பார்த்தார். "இன்னொரு தடவை."

அழுத்தினாள்.

"இன்னொரு தடவை."

மூன்றாவது முறை அவர் அவள் காலைத் தள்ளிவிட்டுத் தன் கையாலேயே பெடலை அமுக்கிப் பார்த்தார். கை கீழே போயிற்று. நிமிர்ந்து சாய்ந்து உட்கார்ந்துகொண்டு முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. வெளியே சுண்டு மணலில் குழி தோண்டிக்கொண்டிருந்தாள்.

கார் தூக்கு வண்டியில் வீடு வந்து சேர்ந்தது. கணவன் கடையைப் பாதியில் சாத்திவிட்டு ஓடிவந்தான். மகளைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்தான். பிறகு அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். கால் விஷயத்தை அவள் அவனிடம் சொல்லவில்லை. மாமனாரே சொன்னார். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தான். வெகுநேரம் துடைத்தான்.

"மெக்கானிக்கைக் கூப்பிட்டுடலாம்" என்றான் கடைசியில்.

"கூப்பிடலாம். ஆனா நான் ஒருக்கா உள்ள பாக்கணும்" என்றாள் அவள். "என்ன ஆச்சுன்னு கண்ணால பாக்காம இந்த வண்டியில நான் இனிமே குழந்தையை ஏத்த மாட்டேன். யார் சரிபண்ணினாலும்."

விடுமுறை நாளில் வேலையை ஆரம்பித்தாள். சுண்டுவைக் கணவனோடு கடைக்கு அனுப்பிவிட்டாள். வண்டிக்கு அடியில் தலை கொடுக்கும்போது குழந்தை பக்கத்தில் இருப்பதை அவளால் நினைக்க முடியவில்லை. முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கல்லை முட்டுக்கொடுத்தாள். ஜாக்கியில் பின்பக்கத்தைத் தூக்கி, அதை நம்பாமல் இரும்புத் தாங்கியும் வைத்தாள். வைத்த பிறகு வண்டியைத் தோளால் இடித்து அசைத்துப் பார்த்தாள். மாமனார் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நாளிலிருந்து அவர் காரின் பக்கமே வரவில்லை.

சக்கரத்தைக் கழற்றியதும் உள்பக்க டயர் முழுக்க ஈரம். பிரேக் கட்டைகளை மூடியிருக்கும் டிரம் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்றது. சுற்றிச் சுற்றி சுத்தியலால் தட்டினாள். ஒரு தட்டில் சட்டென்று கழன்று மடியில் விழுந்தது. உள்ளே பார்த்தாள். பிரேக் கட்டைகள் இரண்டும் எண்ணெயில் ஊறி, கரி குழைத்த மாதிரி சேறு அப்பியிருந்தது. மேலே சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு சிலிண்டர். பெடலை அழுத்தினால் அதற்குள் எண்ணெய் பாய்ந்து கட்டைகளைத் தள்ள வேண்டும். அதன் முனையில் இருந்த ரப்பர் தொப்பியை விரலால் விலக்கினாள். தேன் நிறத்தில் ஒரு கோடு வழிந்து அவள் மணிக்கட்டு வரை வந்தது.

"இவ்வளவுதானா?" என்றார் மாமனார். எப்போது எழுந்து வந்தார் என்று தெரியவில்லை, பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"இவ்வளவுதான் மாமா. இந்த ரப்பர் தேஞ்சு கெடக்கு."

"இத்தனூண்டு ரப்பர்" என்றார். மறுபடி உட்காரப் போகவில்லை.

புது சிலிண்டரும் புதுக் கட்டைகளும் வாங்கி வைத்திருந்தாள். பழையதைக் கழற்றுவதில்தான் உயிர் போயிற்று. எண்ணெய்க் குழாய் வந்து சேரும் இடத்தில் ஒரு சின்ன நட்டு. துரு ஏறியிருந்தது. அதைத் திருகும்போது குழாயும் சேர்ந்து முறுகினால் உடைந்துவிடும். உடைந்தால் குழாயையே மாற்ற வேண்டும். துருவை இளக்கும் எண்ணெயைத் தெளித்துக் காத்திருந்தாள். மெழுகுப் பல்லைச் செதுக்குகிறபோது மூச்சை அடக்குவாளே, அப்படி அடக்கிக்கொண்டு ஸ்பேனரைப் பிடித்தாள். நட்டு கிறீச்சென்றது. குழாய் அசையவில்லை. இன்னும் கொஞ்சம். விட்டது. அவள் மூச்சையும் விட்டாள்.

எல்லாவற்றையும் துடைத்து, புதியதைப் பொருத்தி, கட்டைகளை மாட்டி, டிரம்மை ஏற்றினாள். பானெட்டுக்குள் இருக்கும் டப்பாவில் புது பிரேக் ஆயிலை மேல்கோடு வரை ஊற்றினாள். இனிக் குழாயில் புகுந்த காற்றை எடுக்க வேண்டும். ஒரு குமிழி காற்று இருந்தாலும் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை அழுத்திப் பிடிக்க, மற்றவர் டிரம்மின் பின்னால் இருக்கும் சின்னத் திருகைத் திறந்து மூட வேண்டும்.

"மாமா, கொஞ்சம் உள்ள உட்காருங்க."

"நான் மாட்டேன்." அவர் இரண்டடி பின்னால் போனார். "அவன் வரட்டும்."

"கடை மூடிட்டு அவர் வரும்போது இருட்டிடும். வெளிச்சத்துல பாத்தாத்தான் ஒழுகுதா இல்லையான்னு தெரியும்."

"அந்தப் பெடல்ல நான் காலை வைக்க மாட்டேம்மா."

"வண்டி ஓடாது மாமா. சக்கரமே இல்ல. எங்க போயிடப் போகுது?"

அவர் அதற்குச் சிரிக்கவில்லை. ஆனால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். அவள் அடியில் படுத்துக்கொண்டாள். திருகின் மூக்கில் உள்ளே தெரிகிற ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகி அதன் மறுமுனையைப் பாட்டிலுக்குள் விட்டாள்.

"அமுக்குங்க."

"அமுக்கிட்டேன்."

"பிடிச்சுக்கோங்க. நான் சொல்றவரைக்கும் விடாதீங்க." திருகைத் திறந்தாள். எண்ணெய் கொப்பளித்துக்கொண்டு வந்தது, முழுக்கக் குமிழி. மூடினாள். "விடுங்க."

"விட்டேன்."

அமுக்குங்க, பிடிங்க, விடுங்க. இடையிடையே டப்பாவில் ஆயில் குறைகிறதா என்று எழுந்து பார்த்து ஊற்றினாள். அவள் கண் குழாயில் ஓடும் குமிழிகளிலேயே இருந்தது. மனம் மட்டும் வேறொன்றைக் கவனித்தது. ஒவ்வொரு முறையும் எண்ணெய் ஒரே வேகத்தில்தான் பீறிட்டது. அவருடைய கால் சரியாகத்தான் அழுத்துகிறது. ஒருமுறை மட்டும், அவள் 'விடுங்க' என்று சொல்வதற்குள் அழுத்தம் தளர்ந்துவிட்டது. அவர் களைத்துப்போனாரா, காலா, அல்லது அவள் சொன்னது காதில் விழவில்லையா? அவள் கேட்கவில்லை.

குமிழி நின்று, தெளிந்த தேன்போல் எண்ணெய் வந்ததும் திருகை இறுக்கினாள்.

"இப்ப முழு பலத்தோட அமுக்கிப் பிடிங்க மாமா. நான் விடச் சொல்ற வரைக்கும்."

"கல்லு மாதிரி நிக்குது" என்றார் உள்ளிருந்து. குரல் மாறியிருந்தது.

குழாய் நட்டை ஒரு தாளால் துடைத்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு துளி. முன்னால் ஒட்டியிருந்ததாக இருக்கலாம். துடைத்தாள். மறுபடி, மெதுவாக, நட்டின் கீழ்விளிம்பில் ஒரு ஈரம் திரண்டது. இதைப் பார்க்காமல் மூடியிருந்தால்? இது வெளியில் தெரிகிற துளி. தெரியாமல் இன்னும் எத்தனை இருக்கும்? நட்டின்மேல் ஸ்பேனரை வைத்தாள். அதிகம் இறுக்கினால் மரை போய்விடும். குறைந்தால் ஒழுகும். கால்வாசித் திருப்பு, அதற்கும் குறைவு. துடைத்தாள். காத்திருந்தாள். தாளை ஒற்றி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். காய்ந்த தாள். இன்னொரு தாள். அதுவும் காய்ந்தது.

"கால் வலிக்குதும்மா" என்றார் மாமனார்.

"வலிக்கட்டும் மாமா" என்றாள் அவள். சொன்ன பிறகுதான் அதன் அர்த்தம் இரண்டு பேருக்கும் உறைத்தது. அவர் உள்ளேயிருந்து மெல்லச் சிரிக்கிற சத்தம் கேட்டது.

சக்கரத்தை மாட்டி, வண்டியை இறக்கி, தெருவில் சமதரையில் முன்னும் பின்னும் ஓட்டி ஓட்டி நிறுத்திப் பார்த்தாள். நின்றது. ஒவ்வொரு முறையும் இறங்கி நான்கு சக்கரத்தின் அடியிலும் பார்த்தாள். தையல்காரர் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார். ஸ்கூட்டரின் நசுங்கிய மட்கார்டைப் பற்றி அவர் அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

இனி மிச்சம் இறக்கம்தான். ஒருநாள் அதில் இறங்கித்தான் ஆக வேண்டும். தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவதாக மாமனாரிடம் சொன்னாள். அவர் பேசாமல் மறுபக்கக் கதவைத் திறந்து ஏறிக்கொண்டார்.

"எதுக்கு மாமா ரெண்டு பேரும்?"

"மணல்ல எங்க விடணும்னு உனக்கு யார் காட்டுறது?"

முதல் வளைவுக்கு முன்னாலேயே இரண்டாவது கியருக்கு வந்துவிட்டாள். உள்ளங்கை வழுக்கியது. பிரேக்கைத் தொட்டாள், வண்டி அடங்கியது. இருந்தும் அடுத்த முறை தொடும்போது கால் தானாகவே தயங்கியது. கீழே காலியாகப் போய்விடுமோ என்று உடம்பு எதிர்பார்த்தது. மணற்குவியலில் பாதியை அதற்குள் யாரோ அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். அந்த இடத்தைக் கடக்கும்போது இரண்டு பேரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கடைசி வளைவு. பெரிய சாலையில் லாரிகள். அவள் கோட்டுக்கு வெகு முன்னாலேயே அழுத்தினாள். வண்டி நின்றது. பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். அவள் நகரவில்லை.

"நல்லா நிக்குது" என்றார் அவர். பிறகு, ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "அப்படியே அந்த டாக்டர் வீட்டுப் பக்கம் விடு. ஒருக்கா காலையும் பாத்துடலாம்" என்றார்.

இறக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்த மனுஷர், டாக்டரின் அறைக்குள் நுழையும்போது அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் பாதத்தில் ஊசிமுனையால் தொட்டுத் தொட்டுக் கேட்டார். மாமனார் தெரிகிறது என்றார், தெரிகிறது என்றார், கட்டைவிரலுக்கு அடியில் தொட்டபோது ஒன்றும் சொல்லவில்லை. டாக்டர் தன் உள்ளங்கையை வைத்து அழுத்தச் சொன்னார். அவர் அழுத்திய அழுத்தில் டாக்டரின் நாற்காலி பின்னால் நகர்ந்தது.

"பலம் இருக்கு. உணர்ச்சி கொஞ்சம் கொறஞ்சிருக்கு" என்றார் டாக்டர். "ஓட்டலாம்னும் நான் சொல்ல மாட்டேன். ஓட்டவே கூடாதுன்னும் சொல்ல மாட்டேன். பாத்து நடந்துக்கோங்க."

அந்தப் பதிலில் யாருக்கும் தூக்கம் வராது. ஒழுகுகிற இடம் தெரிந்தால் துடைத்துவிட்டுப் பார்க்கலாம். இதில் எதைத் துடைப்பது, எதைப் பார்ப்பது?

அடுத்த நாளிலிருந்து சுண்டு பள்ளிக்கூட வேனில் போனாள். யாரும் யாரையும் கேட்டு எடுத்த முடிவில்லை. காலையில் மாமனார் அவள் பையை எடுத்துக்கொண்டு தெருமுனைக்கு நடந்தார், அவ்வளவுதான். காரின் சாவி சாப்பாட்டு மேசையிலேயே கிடந்தது. கணவன் அதை எடுத்து அலமாரியில் வைக்கப் போனபோது அவள் கண்ணாலேயே வேண்டாம் என்றாள்.

மழை விட்டிருந்த ஒரு விடுமுறை நாளில் மாமனார் அந்தச் சாவியை எடுத்து அவள் முன்னால் ஆட்டினார். "மேட்டு ரோடு சமதரைதானே. நீ பக்கத்துல உட்காரு" என்றார்.

அவள் உட்கார்ந்தாள். அவர் மெதுவாக ஓட்டினார், கை விரித்துப் பிடித்துக்கொண்டு, ஹாரன் இல்லாமல். ஒரு சைக்கிள்காரர் குறுக்கே வந்தபோது வண்டி தண்ணீரில் மிதப்பதுபோல் நின்றது. அவளுக்கு மட்டும் முதுகு சீட்டில் படவே இல்லை.

"உன் பக்கம் பிரேக் கெடையாதும்மா" என்றார் அவர், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

குனிந்து பார்த்தாள். அவளுடைய வலது கால் தரைவிரிப்பை ஓட்டை போட்டுவிடுவதுபோல் அழுத்திக்கொண்டிருந்தது.

"தெரியும் மாமா" என்றாள். காலை எடுக்கவில்லை.